கேள்வியை எழுதுவது யார்? கொல்லிமலையிலிருந்து வறுமைக் கணக்கைப் பார்த்தல்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



இந்த உரையில் ஒருவர் மட்டும் பேசவில்லை. கொல்லிமலையில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுப்பவர்கள், மனு எழுதிக் கொடுப்பவர்கள், பலவகை ஆய்வுகளுக்குத் தினக்கூலி வாங்கிக்கொண்டு படிவம் தூக்கிப் போனவர்கள் எனச் சிலர் கூடிப் பேசி எழுதியது இது. எங்களில் மலையாளிப் பழங்குடியினர் உண்டு. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்துச் சேரிகளில் பிறந்த தலித்துகளும் உண்டு. கணக்கெடுக்கப் போனவர்களும் நாங்கள்தான், கணக்கில் எழுதப்பட்டவர்களும் நாங்கள்தான். அந்த இரண்டு பக்கத்தையும் பார்த்தவர்களாகத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறோம்.

பண்டிதரின் பெயரால் நடக்கும் மேடையில் வறுமை ஆராய்ச்சியையும் மருத்துவக் காப்பீட்டையும் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கேட்டார்கள். மிகவும் பொருத்தம் என்று நினைக்கிறோம். 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அயோத்திதாசர் சித்த மருத்துவர். பல ஆண்டுகள் நீலகிரி மலையில் வாழ்ந்தவர். அரசாங்கம் குடிக்கணக்கு எடுக்க வந்தபோது, எங்களை நீங்கள் வைத்த பெயரால் எழுதாதே, நாங்கள் சொல்லும் பெயரால் எழுது என்று வாதாடியவர். கணக்கெடுப்பு என்பது வெறும் தலை எண்ணும் வேலை அன்று, ஒரு மக்களின் வரலாற்றையும் உரிமையையும் தீர்மானிக்கும் இடம் என்பதை நூறாண்டுக்கு முன்பே கண்டவர் அவர். நாங்கள் இன்று சொல்ல வந்ததும் அதன் தொடர்ச்சிதான். ஏழை யார் என்ற விடை, கேள்வித்தாளை எழுதும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. ஆகவே கேள்வியை எழுதும் இடத்தில் நாம் இருக்க வேண்டும்.

1. ஒரே மாகாணம், இரண்டு அறிக்கைகள்

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குவோம். 1891இல் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரமென்கீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். அந்த மக்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் என்பது அவருடைய கேள்வி. சோம்பல், குடி என்று வழக்கமாகச் சொல்லப்பட்ட காரணங்களோடு அவர் நின்றுவிடவில்லை. தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தால் மிராசுதாருக்கு முன்னுரிமை. குடியிருக்கும் மனையும் மிராசுதாருடையது என்பதால் எதிர்த்துக் கேட்டால் வீட்டை விட்டே துரத்தலாம். இப்படி நிலத்தையும் மனையையும் சாதியையும் சேர்த்து அவர் எழுதினார். வருவாய் வாரியத்தில் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் 1892இல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அதே ஆண்டுகளில் அதே சென்னை மாகாணத்தில் இன்னொரு ஆய்வு. எஸ். சீனிவாச ராகவையங்கார், நாற்பதாண்டு ஆங்கில ஆட்சியில் மாகாணம் எவ்வளவு முன்னேறியது என்று ஒரு பெரிய தொகுப்பு எழுதினார். அதில் விலைவாசி, சாகுபடிப் பரப்பு, வணிகம் என்று எண்கள் நிறைந்திருந்தன. இரண்டும் அரசாங்கத்துக்கு எழுதப்பட்டவைதான், இரண்டு பேரும் படித்த அதிகாரிகள்தான். ஒருவர் 'எவ்வளவு முன்னேறினார்கள்' என்று கேட்டார், மற்றவர் 'இவர்களுக்கு ஏன் நிலமில்லை' என்று கேட்டார். கேள்வி வேறானதால் வந்த விடையும் வேறாயிற்று.

அந்தக் குறிப்பின் விளைவு காகிதத்தோடு முடியவில்லை என்பதை இந்த அவைக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. 1994 அக்டோபரில் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். நூறாண்டுக்கு முன் ஓர் ஆட்சியர் சரியான கேள்வியைக் கேட்டு எழுதிவைத்தது, நூறாண்டு கழித்து மக்கள் கையில் ஆதாரமாக இருந்தது. ஆகவே தோழர்களே, எண்களும் அறிக்கைகளும் அதிகாரிகளின் வேலை, கவிதையும் கதையும்தான் நம் வேலை என்று ஒதுங்கிவிடக் கூடாது.

2. எங்களைப் பற்றி எழுதியவை

இனி மலைக்கு வருவோம். கொல்லிமலை என்றால் பலருக்கும் காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் நினைவுக்கு வரும். ஆகாய கங்கை அருவி வரும். ஆடி பதினெட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா வரும். நாமக்கல் மாவட்டத்தின் இந்த மலை 14 ஊராட்சிகள் கொண்ட ஓர் ஒன்றியம். வளவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று ஊராட்சிகளின் பெயரிலேயே 'நாடு' இருக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் சிறு சிறு ஊர்கள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. மொத்தம் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர், அவர்களில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர்.

அரசு எங்களைப் பற்றி எழுதாமல் இல்லை. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகத் 'தென்னிந்தியாவின் சாதிகளும் பழங்குடிகளும்' வெளியிட்டார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை என்று பிரிந்து குடியேறினார்கள் என்ற எங்கள் கதையை அவரும் பதிவு செய்தார். மக்களின் மூக்கையும் தலையையும் கருவி வைத்து அளந்து ஆராய்ந்த காலம் அது. 1918இல் சேலம் மாவட்ட கெசட்டியர் வந்தது. 1948இல் ஏ. அய்யப்பன் எழுதிய, சென்னை மாகாணப் பழங்குடிகளின் சமூகப் பொருளாதார நிலை பற்றிய அறிக்கை வந்தது. எழுபதுகளில் ஒருங்கிணைந்த பழங்குடியினர் வளர்ச்சித் திட்டம் வந்தது. அதன் கீழ் எத்தனையோ மதிப்பீடுகள் வந்தன.

இத்தனை எழுதியும் பெயர்க் குழப்பம் தீரவில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் மலையாளி. எங்கள் தாய்மொழி தமிழ். ஆனால் 'மலையாளி என்றால் கேரளாவா?' என்று கேட்கும் மேசைகளைத் தாண்டாமல் எங்களில் யாரும் சான்றிதழ் வாங்கியதில்லை. இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம் இல்லை. பட்டியல் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி என்று மாவட்டங்களின் பெயர் இருக்கிறது. பழைய கோயம்புத்தூர் அதில் இல்லை. சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல்லில் இருப்பதால் நாங்கள் பழங்குடி. கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த ஈரோட்டில் இருப்பதால், பர்கூர் மலையில் வாழும் எங்கள் சொந்தங்கள் பழங்குடி இல்லை. பெயர் ஒன்று, வழக்கம் ஒன்று, காடு ஒன்று. நடுவில் ஒரு மாவட்ட எல்லை. கல்வி உதவித்தொகை, இடஒதுக்கீடு, வன உரிமை எல்லாவற்றிலும் அந்தக் கோடு குறுக்கே நிற்கிறது. பண்டிதர் பெயருக்காக ஏன் அவ்வளவு போராடினார் என்பது பர்கூரில் இருப்பவர்களுக்குப் பாடம் நடத்தாமலேயே புரியும்.

3. இருபத்தொன்பது ரூபாய்

வறுமையை அளப்பதற்கு வருவோம். இந்தியாவில் வறுமைக்கோடு வயிற்றிலிருந்து தொடங்கியது. தாதாபாய் நௌரோஜி சிறைக் கைதிக்கு ஆகும் உணவுச் செலவைக் கொண்டு ஓர் இந்தியனுக்கு உயிர் வாழ எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டார். நாடு விடுதலை பெற்ற பின் 1979இல் கிராமத்தில் 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று அடிப்படை வைத்தார்கள். பிறகு லக்டவாலா குழு, டெண்டுல்கர் குழு, ரங்கராஜன் குழு. டெண்டுல்கர் முறைப்படி 2011-12இல் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 880 ரூபாய். நாளுக்குச் சுமார் 29 ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடச் செலவழித்தவர் ஏழை இல்லை. அந்தக் கணக்கில் தமிழ்நாட்டின் வறுமை 11.28 சதவீதம்.

அமெரிக்காவிலும் இப்படித்தான் தொடங்கியது. அறுபதுகளில் அங்கே சமூகப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த மோலி ஒர்ஷான்ஸ்கி, சிக்கனமான உணவுச் செலவை மூன்றால் பெருக்கி வறுமைக்கோடு அமைத்தார். அவரே ஏழைக் குடியேறியவர்களின் மகள். அங்கே ஆண்டுதோறும் வெளிவரும் அரசு வறுமை அறிக்கையில் கறுப்பின மக்களின் வறுமை எவ்வளவு, வெள்ளையரின் வறுமை எவ்வளவு என்று தனித்தனியாக எண் இருக்கும். அதனால் அங்கே இனவெறி ஒழிந்துவிடவில்லை. ஆனால் இல்லை என்று மறைக்க முடியவில்லை.

இங்கே என்ன நடக்கிறது? இப்போது நிதி ஆயோக் பன்முக வறுமைக் குறியீடு வெளியிடுகிறது. உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் என்று 12 அளவைகள். 2023இல் வந்த அறிக்கைப்படி தமிழ்நாட்டில் பன்முக ஏழைகள் 4.76 சதவீதத்திலிருந்து 2.20 சதவீதமாகக் குறைந்துவிட்டார்கள். இது பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மின்சாரம் வந்திருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போகிறார்கள். அதற்காகப் போராடியவர்களில் நம்மவர்களும் உண்டு.

எங்கள் கேள்வி வேறு. அந்த அறிக்கையின் அட்டவணைகள் மாநிலமாக, மாவட்டமாகப் பிரிந்து கிடக்கின்றன. நாமக்கல் என்றால் லாரி, முட்டை, தனியார் பள்ளிகள். 2011இல் மாவட்ட மக்கள்தொகை 17 லட்சத்துக்கு மேல், மலையில் இருப்பவர்கள் நாற்பதாயிரம். மாவட்டம் முழுக்க ஆயிரம் வீட்டில் கேள்வி கேட்டால், மலையின் பங்கு இருபத்து சொச்சம் வீடு. அந்த வீடுகளின் பசி, கோழிப்பண்ணை முதலாளி வீட்டு எண்ணோடு சேர்ந்து சராசரியாகிவிடும். அடிவாரத்து அருந்ததியர் தெருவுக்கும் இதுதான் கதி.

சாதிவாரியாகப் பார்த்தால் என்ன தெரியும் என்பதை 2021இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு மையமும் வெளியிட்ட உலகப் பன்முக வறுமை அறிக்கை காட்டியது. 2015-16இல் இந்திய அரசே எடுத்த தேசிய குடும்பநல ஆய்வின் தரவுதான் அதற்கும் அடிப்படை. பட்டியல் பழங்குடியினரில் 50.6 சதவீதம் பேர் பன்முக ஏழைகள், பட்டியல் சாதியினரில் 33.3 சதவீதம். 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வைப் பாருங்கள். கிராமத்தில் ஒருவர் மாதம் செய்யும் சராசரிச் செலவு பழங்குடியினருக்கு 3,016 ரூபாய், பட்டியல் சாதியினருக்கு 3,474 ரூபாய், எந்தப் பட்டியலிலும் வராத மற்றவர்களுக்கு 4,392 ரூபாய். படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது ரூபாய்க் கணக்கிலும் அப்படியே படிப்படியாக இறங்குகிறது.

தேசிய குடும்பநல ஆய்வில் ஒரு விதி உண்டு. ஒரு பிரிவில் கேட்கப்பட்டவர்கள் 50 பேருக்குக் குறைந்தால் அந்தச் சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். 25 பேருக்கும் குறைந்தால் எண்ணே போடாமல் ஒரு நட்சத்திரக் குறி. புள்ளியியல்படி இது நேர்மையான விதிதான். ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி பழங்குடியினர் 7,94,697 பேர், அதாவது 1.1 சதவீதம் மட்டுமே உள்ள ஒரு மாநிலத்தில் அந்த நட்சத்திரம் யார் தலையில் விழும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பிள்ளைகளின் எடையைத் தேடிப் போனால் கிடைப்பது ஒரு குறி. இதற்குத் தீர்வு, எங்களிடம் இன்னும் அதிகம் பேரைக் கேட்பதுதான். பழங்குடிப் பகுதிகளுக்குத் தனியாகப் பெரிய மாதிரி எடுக்கலாம். அதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டியதில்லை.

4. அட்டை இருக்கிறதா, வைத்தியம் கிடைத்ததா?

மருத்துவக் காப்பீட்டில் தமிழ்நாடு முன்னால் நடந்த மாநிலம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை. இதய அறுவை, சிறுநீரகம், புற்றுநோய் என்று நிலம் விற்றுப் பார்க்க வேண்டிய வைத்தியங்களை இந்த அட்டையால் பார்த்துத் திரும்பியவர்கள் எங்கள் ஊர்களிலும் இருக்கிறார்கள். இதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல்.

ஆனால் யாருக்கு அட்டை என்ற கேள்வியைப் பாருங்கள். ஒன்றிய அரசின் திட்டம் 2011 சமூகப் பொருளாதார, சாதிக் கணக்கெடுப்பை அடிப்படையாக எடுத்தது. அந்தக் கணக்கெடுப்பில், கிராமத்தில் ஒரு வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால் அந்த வீடு தானாகவே ஏழைகள் கணக்கிலிருந்து விலக்கப்பட்டது. சமவெளியில் இருந்து யோசித்தவர்களுக்கு மோட்டார் சைக்கிள் வசதியின் அடையாளம். எழுபது வளைவு உள்ள மலையில், கடைசிப் பேருந்து போன பிறகு, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் துண்டால் முதுகோடு கட்டிக்கொண்டு செம்மேட்டுக்கு இறங்குவது பழைய வண்டியில்தான். நாலு வீடு சேர்ந்து ஒரு வண்டியை நம்பி இருக்கும் ஊர்கள் உண்டு. எங்களுக்கு ஆம்புலன்சாக இருந்த ஒன்றே எங்களைப் பணக்காரர் ஆக்கியது. 2024இல் ஒன்றிய அரசின் கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் அந்த இருசக்கர வாகன நிபந்தனையை நீக்கினார்கள். கேள்வியை மாற்ற முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. மாற்றுவதற்குப் பதின்மூன்று ஆண்டு ஆயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாடு இதை வருமான வரம்பு வைத்து ஓரளவு சரிசெய்தது. முன்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். இப்போது 1,20,000 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள். கணவன் மனைவி இருவரும் நாளுக்கு 300 ரூபாய் கூலிக்கு மாதம் 17 நாள் வேலைக்குப் போனால் ஆண்டுக்கு 1,22,400 ரூபாய். வரம்பு தாண்டிவிட்டது. மிளகு பறிக்கப் போகிறவர்களின் கூலியில் குடும்பம் நடக்கிறது. எந்த மாதம் வேலை இருக்கும், எந்த மாதம் இருக்காது என்று யாருக்கும் தெரியாது. இதை ஆண்டு வருமானம் என்று ஒரு கட்டத்துக்குள் எழுதச் சொன்னால், எழுதுகிற அலுவலரின் மனம் வைத்ததுதான் வருமானம்.

தேசிய குடும்பநல ஆய்வு, 2019-21இல், உங்கள் வீட்டில் யாருக்காவது மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்று கேட்டது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ஆம் என்றன. அந்த 'ஆம்' எதைச் சொல்கிறது? படுக்கையில் சேர்ந்தால் காப்பீடு செலவை ஏற்கும். படுக்கை வரைக்கும் போய்ச் சேருவதற்கு ஏற்காது. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேற்பட்ட வைத்தியம் என்றால் நாமக்கல்லுக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். 2022இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது பெரிய உதவி. ஆனால் ஒருவர் நோயாளி என்றால் துணைக்கு ஒருவர் போக வேண்டும், இரண்டு பேர் கூலி போகும். வீட்டில் இருக்கும் ஆட்டையும் பிள்ளையையும் பார்க்க மூன்றாவது ஒருவர் வேலைக்குப் போக முடியாது. இந்தச் செலவுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. ஆகவே பலர் நோய் முற்றும் வரை மலையிலேயே இருக்கிறார்கள். முற்றிய பிறகு அட்டை வேலை செய்யும். உடல் வேலை செய்யாது.

அதே ஆய்வுப்படி தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம். உலகமே பாராட்டக்கூடிய எண். நாங்கள் கேட்பது மீதியுள்ள 0.4 சதவீதம் எந்தச் சாலை முடியும் இடத்தில் இருக்கிறது என்பதுதான். 108 வண்டி சாலை உள்ள வரை வரும். சாலை இல்லாத மலையூர்களில் டோலி கட்டித் தூக்கி வந்துதான் வண்டியில் ஏற்ற வேண்டும். வழியிலேயே பிள்ளை பிறந்தால் அந்தப் பிறப்பும் கடைசியில் ஏதோ ஒரு மருத்துவமனைப் பதிவேட்டில்தான் ஏறும். 'மருத்துவமனையில் பிறந்ததா' என்ற கேள்விக்கு ஆம் என்று விடை வரும். 'தாய் எத்தனை மணி நேரம் நடந்தாள்' என்ற கேள்வி இருந்தால்தான் சாலை வரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த விஷயத்தைச் சரியாகப் பிடித்தது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. நோயாளியை வரச் சொல்லாமல் அரசு போகிறது. அதையும் மலையில் எத்தனை வீட்டுக்குப் போனோம் என்று மட்டும் எண்ணாமல், எந்த ஊருக்கு எந்த மாதம் போக முடியவில்லை, ஏன் என்று எழுதினால் இன்னும் பயன்.

இந்தியப் பழங்குடிகளின் உடல்நலம் பற்றி மருத்துவர் அபய் பங் தலைமையிலான நிபுணர் குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. பழங்குடிகளுக்கெனத் தனியான, முழுமையான உடல்நலத் தரவு நாட்டில் இல்லை என்பது அதன் முக்கியமான முடிவுகளில் ஒன்று. பழங்குடி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் பழங்குடிப் பெரும்பான்மை ஒன்றியங்களுக்கு வெளியே வாழ்கிறார்கள் என்றும் அது சொன்னது. எங்கள் இளைஞர்கள் திருப்பூரிலும் கேரளத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோய் வந்தால் மலைக் கணக்கிலும் வராது, நகரக் கணக்கில் பழங்குடி என்றும் வராது.

5. சான்று கேட்காத சோறு

எல்லாம் குறைதானா என்றால் இல்லை. எங்கள் மலையில் பசி பெரிய அளவில் குறைந்ததற்குக் காரணம் எந்த வறுமைக்கோடும் இல்லை. 1997இல் ஒன்றிய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கியபோது தமிழ்நாடு எல்லோருக்கும் பொதுவாகவே வைத்துக்கொண்டது. 2011 ஜூனிலிருந்து அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 1956இல் காமராசர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் மலைப்பகுதிப் பள்ளிகளையும் சேர்த்துத் தொடங்கிய காலை உணவும் பிள்ளையிடம் 'உன் அப்பன் ஏழையா' என்று கேட்பதில்லை. சான்று கேட்காத திட்டம் கடைசி வீடு வரை போகிறது. சான்று கேட்கும் திட்டம் சான்று வாங்கத் தெரிந்தவரோடு நின்றுவிடுகிறது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடக்க முடியாதவர்தான் உண்மையில் ஏழை. இது மலைக்கும் சேரிக்கும் பொது.

அந்தச் சோற்றிலும் ஒரு கேள்வி விடுபட்டது. எத்தனை கிலோ என்று கேட்டார்கள், என்ன தானியம் என்று கேட்கவில்லை. சாமையும் தினையும் கேழ்வரகும் பனிவரகும் விளைந்த சரிவுகளில் இன்று பெரும்பாலும் மரவள்ளி, சேலம், நாமக்கல் சவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து எங்கள் மலையில் சிறுதானியங்களைக் காப்பாற்ற வேலை செய்தது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். சிறுதானியம் விளைந்த மலையான கொல்லிமலைக்கும் அது வர வேண்டும், எங்கள் விளைச்சலையே வாங்கித் தர வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று அரசு ஆய்வே சொல்லும்போது, தட்டில் என்ன இருக்கிறது என்பது மருத்துவக் கேள்விதான்.

6. வரப்போகும் கணக்கெடுப்பு

2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்க இருக்கிறது. 1931க்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப் போகிறார்கள். கைபேசிச் செயலியில் பதிவு செய்யப் போகிறார்கள். தமிழ்நாடு 2024இல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் உயிர். ஆகவே எண்ணிக்கையில் ஒருவர் விட்டுப்போனால் நிதியிலும் அவர் பங்கு விட்டுப்போகும். ஐந்தாவது அட்டவணைப் பகுதி என்று தமிழ்நாட்டில் ஓர் ஊரும் அறிவிக்கப்படாத நிலையில், எங்களுக்கு இருக்கும் பிடிமானம் இந்த எண்தான்.

இந்த அவை முன் நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை.

முதலாவது, பெயர். மலையாளி என்று எழுதும்போது அது சமூகத்தின் பெயர், தாய்மொழி தமிழ் என்பதைக் கணக்கெடுப்பவர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். பர்கூர் மலை மக்களின் கோரிக்கையை நாம் நம் கோரிக்கையாக எடுக்க வேண்டும்.

இரண்டாவது, அளவு. வறுமை, உடல்நலம் பற்றிய எல்லா அரசு ஆய்விலும் ஒன்றிய அளவில், சாதி, பழங்குடி வாரியாக எண் வெளியிட வேண்டும். மாதிரி போதவில்லை என்றால் மாதிரியைக் கூட்ட வேண்டும்.

மூன்றாவது, கேள்வி. அட்டை இருக்கிறதா என்று கேட்பதோடு, கடந்த ஓராண்டில் வைத்தியத்துக்கு எவ்வளவு தூரம் போனீர்கள், எத்தனை நாள் கூலி போனது, எதை விற்றீர்கள் என்று கேட்க வேண்டும்.

நான்காவது, திருப்பிச் சொல்வது. எங்கள் வீட்டுக்குள் வந்து எங்கள் அடுப்பையும் கக்கூசையும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள், கண்டதை எங்கள் கிராமசபையில் வந்து படிக்க வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். இத்தனை ஆண்டில் எங்கள் ஊர் எதிலும் ஓர் ஆய்வு முடிவைத் தமிழில் வந்து படித்தவரை நாங்கள் கண்டதில்லை.

ஐந்தாவது, ஆள். மலையில் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் பெண்களையும் ஆண்களையும், சேரிகளில் படித்தவர்களையும், படிவம் தூக்க மட்டும் கூப்பிடாமல் கேள்வித்தாள் எழுதும் குழுவிலும் அமர்த்த வேண்டும்.

7. எழுத்தாளர்களுக்கு

கடைசியாக இலக்கியத் தோழர்களிடம் ஒரு வார்த்தை. தலித் இலக்கியம் வந்தபோது, இது இலக்கியமா ஆவணமா என்று சிலர் கேட்டார்கள். அதைக் குறையாகச் சொன்னார்கள். நாங்கள் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொள்கிறோம். அரசு கேட்காத கேள்விகளை நம் தன்வரலாறுகளும் கதைகளும் கேட்டன. குடத்தை யார் எடுக்கக் கூடாது, தேநீரை எந்தக் குவளையில் கொடுத்தார்கள், பிரசவ அறையில் என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதெல்லாம் எந்தக் கணக்கெடுப்புப் படிவத்திலும் இருந்ததில்லை. நம் எழுத்தில் இருந்தது. மலையைப் பற்றி அப்படி எழுத எங்களுக்குள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். எழுதுவதற்கு உங்கள் பத்திரிகையிலும் மேடையிலும் இடம் கொடுங்கள்.

கூடவே ஒரு வேலையும் சேர்ந்து செய்வோம். இந்த மன்றத்தின் கிளை உள்ள ஒவ்வோர் ஊரிலும், கணக்கெடுப்பு வருவதற்கு முன் ஒரு மாலை கூடி, அந்தப் படிவத்தைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு நம் தெருவின் விடை கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாங்களும் 14 நாட்டிலும் அதைச் செய்கிறோம். அந்தத் தாள்களைச் சேர்த்து ஒரு சிறு நூலாக அடுத்த நினைவுநாளுக்குள் கொண்டுவந்து, மாவட்ட ஆட்சியரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுப்போம். பண்டிதர் தன் பத்திரிகையை ஒரு பைசாவுக்கு விற்றார். நாம் அந்த நூலை விலையில்லாமல் கொடுக்கலாம்.